வெள்ள நிவாரணத்துக்கு ஒரு குடும்பப் படம்

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் பாஸ் பண்ணியவனுக்குப் புரியாத அரசாங்கப் பாரம் உலகத்திலேயே கிடையாது என்று இருபத்திரண்டு வயதில் நான் நம்பினேன். அதைவிடப் பரிதாபம், என் அக்காவும் நம்பினாள்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். புக்கிட் ரோத்தானில் அக்கா வைத்திருந்த தையல் கடைக்குள் வெள்ளம் புகுந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. இரண்டு மிஷினும் துருப்பிடித்துச் சுற்ற மறுத்தன. அவை ஓடாவிட்டால் கடை இல்லை. கடை இல்லையென்றால் அக்கா மறுபடியும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளத்தில் அடிபட்ட சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கம் உதவப் போகிறது, சட்டமே போட்டாயிற்று என்று ஊரில் பேச்சு. விண்ணப்பப் பாரத்தையும் மலாயில் இருந்த விதிமுறைத் தாள்களையும் வாங்கி வந்து உட்கார்ந்தேன். 'சிறு வியாபாரி' என்றால் யார் என்று ஒரு பக்கம். 'வெள்ளம்' என்றால் எது என்று இன்னொரு பக்கம். (முட்டி வரைக்கும் தண்ணியில நின்னவனுக்குச் சொல்லித் தர்றாங்க.) இரண்டு தரம் படித்ததில், நமக்கு வந்தது வெள்ளம்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கடைசித் தாளில் ஒரு வரிதான் தெளிவாகப் புரிந்தது. கடையின் படம், உரிமையாளரோடு, இணைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதுவரை படம் பிடித்ததே இரண்டு தரம். இரண்டும் கல்யாணம். இதுவோ ஆபீசர் பார்க்கப் போகிற படம். உத்தரவு போட்டேன். கடையைக் கழுவித் துடைத்தோம். சுவரில் சேற்றுக் கோடு தெரிந்த இடத்தில் காலண்டர்களை வரிசையாக மாட்டினோம். மிஷின்கள்மேல் பூப்போட்ட துணி. அக்கா கல்யாணப் பட்டில் வந்தாள். லோரி ஓட்டும் மச்சான் இரவல் கோட்டில் வந்தார். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரிங்க லா" என்றார். சிரித்தோம். கடை உரிமைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் நடுவில் நின்றது நான்தான்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசில் கூப்பிட்டார்கள். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன். மலாய்க்கார அதிகாரி, நல்ல மனுஷர். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, புதுக்கடைக்கு வாழ்த்துச் சொன்னார். புதுக்கடைக்காரர்களுக்கான பாரம் பக்கத்து அறையில் கிடைக்கும் என்று வழியும் காட்டினார். நானும் நன்றி சொல்லிவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். (ஏன் நின்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.)

அக்கா எழுந்து வந்தாள்.

"என்னடா சொன்னாரு?"

"வாழ்த்துச் சொன்னாருக்கா."

"எதுக்கு?"

"கடை திறந்ததுக்கு."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மிஞ்சியிருந்த ஐந்தாம் படிவமும் கரைந்துபோனது.

மறுநாள் அவள் என்னைக் கூப்பிடவில்லை. மிஷின் தலையைக் கழற்றி, அரிசிச் சாக்கில் கட்டி, தனியாகப் பஸ் ஏறிப் போய், அந்த அதிகாரியின் மேசைமேல் வைத்திருக்கிறாள். காய்ந்த சேறு எங்கள் படத்தின்மேலேயே உதிர்ந்ததாம். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், இதுதான் என் கடை என்றாளாம். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மறுவாரம் ஆள் வந்து பார்த்தார். அடுத்த மாதம் அக்காவின் கடையில் புது மிஷின்கள் ஓடின.

நான்கு வருடம் கழித்து என் கல்யாணம். மணவறையில் படம் பிடிக்க வந்தவர் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொன்னார். முன்வரிசையிலிருந்து அக்கா நிதானமாகக் குரல் கொடுத்தாள்.

"சிரிக்காத தம்பி. நஷ்டம் தெரியட்டும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இன்றைக்கும் யாராவது கேமராவை எடுத்தால் போதும், வீட்டில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார். பெண் வீட்டாருக்குத்தான் இன்னும் நான் விளக்கம் சொல்லி முடிக்கவில்லை.