கனடா உள்ளே விடாத கருவாடு

"‘இதுக்கு முன்னாடி எந்த நாட்டுலயாவது உங்கள உள்ள விட மாட்டோம்னு மறுத்திருக்காங்களா’ன்னு கேக்குதுங்கய்யா. ‘இல்ல’ன்னு போட்டுடட்டுமா?" என்றாள் தேவயானி.

விருத்தாசலம் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார். "இரும்மா. அவசரப்படாத."

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிரே நெட் சென்டர் நடத்தும் தேவயானிக்கு ரேஷன் கார்டு முதல் ரயில் டிக்கெட் வரை எல்லாம் அத்துப்படி. ஆனால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு வந்து உட்கார்ந்த முதல் ஆள் இவர்தான். புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, மனைவி அம்மணியின் ஊரான விழுப்புரத்துக்கே வந்து சேர்ந்தவர். அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் கனடா போக விசா வேண்டாம். இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. 1993-ல் அப்படித்தான் போனார். பாஸ்போர்ட்டை நீட்டினார், முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். இப்போது 2017-லும் விசா வேண்டாம்தான். ஆனால் விமானம் ஏறுமுன் கம்ப்யூட்டரில் ஓர் அனுமதி வாங்கியாக வேண்டுமாம். பத்து நிமிஷ வேலை என்று மாண்ட்ரியலிலிருந்து முருகையன் போனில் சொல்லியிருந்தார்.

முருகையன் பட்டாளத்துக் கூட்டாளி. எழுபது நிறைந்து பீமரத சாந்தி வைத்திருக்கிறார். இருதயத்தில் ஆபரேஷன் ஆனபிறகு விமானம் ஏறவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், இனிமேல் முகம் பார்ப்பதென்றால் இவர் போனால்தான் உண்டு. டிக்கெட் போட்டாயிற்று. விமானத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"தொண்ணூத்தி மூணுல என்ன விட்டாங்க. கருவாட்ட விடல," என்றார் விருத்தாசலம்.

"என்ன கருவாடுங்க?"

"மரக்காணத்து நெத்திலி, ரெண்டு கிலோ. முருகையனுக்குன்னு பாத்துப் பாத்துக் கட்டிக்கினு போனேன். வீட்டுக்குப் போயி பெட்டியத் தொறந்தா பொட்டலத்தக் காணோம். அவன்தான் சொன்னான், ஏர்போர்ட்டுல எடுத்துக் குப்பையில போட்டிருப்பாங்கடான்னு."

"ஆளத்தாங்க கேக்குறாங்க. கருவாட்ட இல்ல."

"என் பொருள மறுத்தா என்ன மறுத்த மாதிரிதான். பட்டாளத்துக்காரன் பொய் எழுத மாட்டான். ‘ஆமாம்’னு போடு."

அந்தக் கருவாட்டுக்காக இருபத்து நாலு வருஷமாகக் கனடாவின் மேல் அவருக்குக் கோபம். அன்று அங்கே இருந்த ஒரு மாசமும் இரண்டு பேரும் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு, இல்லாத நெத்திலியைப் பற்றிப் பேசிப் பேசியே சாப்பிட்டார்கள். முருகையன் கண் கலங்கியதுகூட உண்டு.

பத்து நிமிஷத்தில் வர வேண்டிய பதில் நாலு நாள் கழித்து வந்தது. மறுக்கப்பட்ட விவரத்துக்கு ஆதாரம் வேண்டுமாம்.

"ஆதாரம்னா பத்திரந்தான்," என்று விருத்தாசலம் பஸ் ஏறித் திண்டிவனம் போனார். அங்கே வக்கீல் பெரியதம்பி நாற்பது வருஷமாகக் கிரிமினல் கேஸ் பார்க்கிறவர். கல்யாணப் பத்திரிகை எழுதச் சொன்னாலும் அதில் எஃப்.ஐ.ஆர். வாடை அடிக்கும். ‘மேற்படி நபர் மேற்படி சரக்கைப் பெட்டியில் மறைத்து எடுத்துச் சென்றபோது’ என்று ஆரம்பித்து, கருவாடு என்ற வார்த்தையே வராமல் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் தட்டி, நோட்டரி முத்திரையும் வாங்கிக் கொடுத்தார்.

"இத்தப் பாத்தா எவனும் எதிர்க் கேள்வி கேக்க மாட்டான்," என்றார் பெரியதம்பி.

கேட்டார்கள். ஐந்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. சரக்கு என்ன, வழக்கு என்ன, போலீஸ் நற்சான்று எங்கே?

விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் போய் மனு கொடுத்தார். மறுநாளே விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் தெருவுக்கு வந்தார். வக்கீல் பத்திரத்தின் நகல் அவர் கையில் இருந்தது. வீடு வீடாக நின்று, "இவரு வெளிநாட்டுக்குச் சரக்கு கடத்துனாரே, அதப்பத்தி ஏதாச்சும் தெரியுமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சாயங்காலத்துக்குள் பால்காரர் உட்பட பதினோரு பேர் அம்மணியிடம் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"விசா வேணாம் விசா வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தீங்க," என்றாள் அம்மணி. "இப்ப ஜாமீன் வேணும்போல இருக்குதே."

நற்சான்று வர ஒரு மாசமாகும் என்றார்கள். விமானத்துக்கு நாலே நாள் இருந்தது.

விருத்தாசலம் நெட் சென்டரில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார். "பேஜாராப் போச்சும்மா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

தேவயானி கீபோர்டைத் தொடவில்லை. "உங்க கூட்டாளிய அவ்ளோ புடிக்குமாங்கய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டாளத்துல மொத வருசம். வெளிய பனி கொட்டுது. எங்கம்மா அனுப்புன மல்லாட்டைக் கடலை ஒரு பை வந்துச்சு. ஒவ்வொண்ணா ஒடச்சி, உள்ள இருக்குற ரெண்டு பருப்புல அவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அப்பிடியே முழுப் பையும் தின்னு தீத்தோம். அவன் எதையும் ஒண்டியா தின்னவனே இல்லம்மா. கடைசியா ஒரு தபா அவனப் பாத்துட்டா போதும்."

தேவயானி அதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினாள். கீழே தானாக ஒரு வரி சேர்த்தாள்: ‘அது கருவாடு, வேறொன்றுமில்லை.’ அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் அவளே வீடு தேடி ஓடி வந்தாள். அனுமதி கிடைத்துவிட்டது.

விருத்தாசலம் அப்போதே மாண்ட்ரியலுக்குப் போன் போட்டார். எடுத்தது முருகையனின் மனைவி அம்சா.

"தங்கச்சி, வர்றேன்னு சொல்லிடு அவன்கிட்ட. அந்தக் கருவாட்டால போலீசு வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். இந்த வாட்டி வெறுங்கையோடதான் வருவேன். மறுபடியும் அந்த ஏர்போர்ட்டுக்காரனுங்க புடுங்கிக்கினா என்னால தாங்க முடியாது."

அம்சா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அத எவனும் புடுங்கலண்ணே, நீங்க குளிக்கப் போன நேரத்துல இவருதான் பொட்டலத்தத் தூக்கிக்கினு போயி கார் ஷெட்டுல ஒளிச்சி வெச்சி, ஆறு மாசம் ஒண்டியாவே தின்னாரு."