மாப்பிள்ளை வாங்கிய கடைசி கிட்டார்கள்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு மகளும் மாப்பிள்ளையும் நானும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரணில் ஏறி இறங்கியதில் தங்கள் முழங்கால் பிசகிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். இந்த வயதில் இவருக்குப் பரணில் அப்படி என்ன வேலை என்று அன்றைக்கு யோசித்தேன். இன்றைக்கு யோசிக்கவில்லை, தெரிந்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வரும். தங்கள் மகனைப் பற்றி ஒரு குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுத உட்காரவில்லை. ஒரு குறையாக இருந்திருந்தால் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது, சிகரெட் எந்தப் பக்கம் பற்ற வைப்பது என்றுகூடத் தெரியாது. பல் செட் செய்யும் கூடத்தில் அவர் வேலை சுத்தம் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அவர் செய்து கொடுத்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். கல்யாணம் பேச வந்தபோது தாங்கள், "பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லீங்க, பாட்டுல கொஞ்சம் ஆசை, அவ்வளவுதான்" என்று சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கொஞ்சம் ஆசை போன மாதம் வரை எங்கள் சின்ன அறையில் ஆறு கறுப்பு உறைகளில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

முதல் பேஸ் கிட்டாரை அவர் கொண்டுவந்தபோது நான் உள்ளபடியே பரிதாபப்பட்டேன். ஊரில் எல்லார் கிட்டாரிலும் ஆறு கம்பி இருக்கிறது, இதில் நாலுதானே இருக்கிறது, பாவம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சம் ரெண்டையும் நான் போய்க் கேட்டு வாங்கி வரட்டுமா என்றேன். "பேஸுக்கு நாலுதான் மாமா. இது மேல பாடுறதுக்கு இல்ல, அடியில நின்னு தாங்குறதுக்கு" என்றார். தாங்கப் போவது நாங்கள்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. ஆறே மாதத்தில் இரண்டாவது வந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே மாப்பிள்ளை என்றால், அதன் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் இருக்கின்றனவாம், இதில் கோடே இல்லையாம், விரல் வழுக்கிக்கொண்டு போகுமாம். மூன்றாவதில் ஐந்து கம்பி. நாலுதான் என்று எனக்குப் பாடம் எடுத்தவர், ஐந்தாவது இல்லாமல் இத்தனை நாள் எப்படிக் காலம் தள்ளினேன் என்கிற முகத்தோடு வாசலில் நின்றார். நான்காவது குட்டைக் கழுத்து, சோபாவில் சாய்ந்துகொண்டு வாசிப்பதற்கு. ஐந்தாவது அச்சு அசலாக முதலாவது மாதிரியே, அதே பழுப்பு நிறம். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காத வரைக்கும் என் மகளுக்கு வித்தியாசம் தெரியாது என்பதுதான் அதன் சிறப்பு. இதை அவர் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். ஆறாவது நாற்பது வருஷப் பழசு, பெயின்ட் உரிந்தது. "பழசா இருக்கிறதுதான் மாமா அதுக்கு மதிப்பே" என்றார். நானும் பழசுதான், அந்த மதிப்பை இந்த வீட்டில் எந்த மூலையில் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒவ்வொன்றும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "இதுதான் கடைசி, மாமா." ஒரு குடும்பத்துக்கு ஒரு கடைசி போதாதா சம்பந்தி, எங்கள் வீட்டில் ஆறு கடைசி இருந்தது.

சரி, வாசிக்கிறாரா என்று கேட்பீர்கள். வாசிக்கிறார். ஒரே ஒரு தடவை மேடையும் ஏறினார், அவர்கள் கூடத்து மேலாளர் ஓய்வு பெற்ற விழாவில். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டுக் கேட்டது, டிரம்ஸ் கேட்டது, மைக் அலறியது கேட்டது, பின்வரிசையில் ஒருத்தர் குறட்டை விட்டதுகூடக் கேட்டது, மாப்பிள்ளை மட்டும் கேட்கவில்லை. இறங்கி வந்தவரிடம் சொன்னேன். அவர் கோபமே படாமல், "பேஸ் இருக்கிறப்ப தெரியாது மாமா, எடுத்துட்டாத்தான் தெரியும்" என்றார். அப்படியானால் ஆறையும் எடுத்துவிடலாமே மாப்பிள்ளை, ரொம்ப நன்றாகத் தெரியுமே என்றேன். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். எந்தப் பெட்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. ஆறு பேர் என்று பலகையில் எழுதியிருந்தால் ஏழாவது ஆள் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் படியேறித்தான் வரணும். சின்ன அறையில் ஆறு பேர் ஏற்கெனவே ஏறி நின்றார்கள், ஏழாவது ஆள் வேறு வரப்போகிறது. மகளுக்கு எட்டாவது மாதம். குழந்தைக்கு வாங்கிய சின்னக் கட்டில் வைக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டியோடு நடையில் கிடந்தது, அதைத் தாண்டித் தாண்டித்தான் நாங்கள் மூன்று பேரும் குளியலறைக்குப் போனோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அதைத் தாண்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஓடிப் போய்க் கையைக் கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விரலை இடித்துக்கொண்டவள் சத்தமே போடாமல் சொன்னாள்: "அந்த ரூம்ல ஒண்ணே ஒண்ணு இருக்கலாம். மிச்சமெல்லாம் இந்த மாசத்துக்குள்ள போகணும். இல்லேன்னா நான் அக்கா வீட்டுக்குப் போய் அங்கேயே பெத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் இங்க உக்காந்து கிட்டாருக்குப் பால் குடுங்க." என் மகள் கத்தினால் எனக்குப் பயமில்லை. மெதுவாகப் பேசினால் சொன்னதைச் செய்துவிடுவாள். மூத்தவள் வீடு பஸ்ஸில் எட்டு மணி நேரம். பேரக்குழந்தையை இந்த வீட்டில், என் கண் முன்னால் பார்க்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறவன் சம்பந்தி நான்.

விற்கிற பொறுப்பை அவள் என்னிடம்தான் கொடுத்தாள். "அவர் கையில விட்டா ஒண்ண வித்துட்டு ரெண்டு வாங்கிட்டு வருவார்ப்பா. நீங்கதான் யாருக்கும் மசியாத ஆளு" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஒரு பொருளைப் பரிசோதிக்காமல் இன்னொருத்தர் தலையில் எப்படிக் கட்டுவது? ஆறையும் மேஜையில் கிடத்தி, டார்ச் அடித்துப் பார்த்து, லிஃப்டில் தொங்கவிடுவது போலவே ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன். 'கழுத்து முன்பக்கமாக ஒரு நூல் அளவு வளைந்துள்ளது. இரண்டாம் கம்பியின் முறுக்காணி பிடிக்கவில்லை. பின்பக்கம் மூன்று கீறல். பழுது நீக்கும் வரை பயன்படுத்தக் கூடாது.' விளம்பரத்திலும் ஒரு வார்த்தை விடாமல் இதையே போட்டேன். இரண்டு வாரம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல மாமா, ஒரு எழுத்தைக்கூட மாத்தாதீங்க" என்று தன் கையாலேயே காபி போட்டுக் கொடுத்தார். இந்த வீட்டில் அவர் போட்ட முதல் காபி அது. சர்க்கரை போட மறந்துவிட்டார்.

நடையில் அட்டைப்பெட்டி அப்படியே கிடக்க, நாள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழுது எழுதினால் போதாது, நீக்கவும் வேண்டும் என்று என் பழைய ஆயுதப் பெட்டியைத் திறந்தேன். தடித்த கம்பி ஒன்றைக் கழற்றிக் கையில் பிடித்தபோதுதான் கவனித்தேன், நடுவில் ஒரு எஃகு நரம்பு, அதன் மேல் இடைவெளியே இல்லாமல் இறுக்கிச் சுற்றிய இன்னொரு கம்பி. முப்பத்திரண்டு வருஷமாக நான் விரலால் தடவித் தடவிப் பார்த்த லிஃப்ட் கயிற்றை யாரோ சின்னதாகச் செய்து மரத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை ஒரு வார்த்தை முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாம் மாப்பிள்ளை. அந்தக் கோடில்லாத கிட்டாருக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. கழுத்தை நிமிர்த்தி, முறுக்காணிக்கு எண்ணெய் விட்டு, அவருடைய ஒலிப்பெட்டியில் சொருகி, அடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். நல்ல மோட்டார் அப்படித்தான் உறுமும். கோளாறு இருந்தால் உறுமலில் ஒரு கரகரப்பு வரும், இதில் இல்லை. உறுதி செய்துகொள்ள இன்னும் கொஞ்ச நேரம் தட்டினேன். மூன்று நாள் தட்டினேன். எல்லாம் பரிசோதனைக்காகத்தான், வேறு காரணம் எதுவும் இல்லை.

அட்டையில் 'பழுது நீங்கியது' என்று எழுதியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குட்டைக் கழுத்தை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வாங்கிக்கொண்டு போனார், ஒரு கேள்வி கேட்கவில்லை, தங்கமான மனுஷி. பேக்கரிக்காரர் ஒருத்தர் கோடில்லாததைக் கேட்டு வந்தார். அவர் நகக்கண்ணில் மைதா மாவு. சுற்றின கம்பிக்குள் மாவு போனால் என்ன ஆகும் என்று அவருக்கு அரை மணி நேரம் விளக்கினேன், கிளம்பிவிட்டார். அடுத்து ஒரு பஸ் டிரைவர், அவரும் கோடில்லாததற்காகத்தான். சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடைய பேஸையும் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார். விரலில் இவ்வளவு பெரிய மோதிரம். அந்தக் கை அந்த மரத்தில் படுவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அது நேற்றே விலை போய்விட்டது என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அவரையும் வெறுங்கையோடுதான் அனுப்பினேன். இப்படி ஆளைப் பார்த்துக் கொடுப்பதால்தான் தாமதம் ஆனதே தவிர, என் பக்கம் வேறு தப்பு இல்லை.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை குதித்துக்கொண்டு வந்தார். "வெளியூர்ல ஒரு ஃப்ரெண்டு மாமா, போன்லயே பேசி முடிச்சாச்சு. மூணையும் எடுத்துக்கிறார்." ஐந்து கம்பி, இரட்டைப் பழுப்பு, நாற்பது வருஷப் பழசு, மூன்றும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. நானே துணி சுற்றி, நானே கயிறு கட்டி, பேனாவைப் பிடித்துக்கொண்டு முகவரியைச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்றேன். அவர் கதவு எண்ணைத்தான் சொன்னார் சம்பந்தி. தெரு, பேட்டை, பின்கோடு வரைக்கும் என் கை தானாக எழுதி முடித்துவிட்டது. ஐந்து வருஷமாகத் தங்களுக்குக் கடிதம் எழுதுகிற கை அல்லவா. நான் அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். வாசற்படியில் மகள் நின்றுகொண்டிருந்தாள், எட்டு மாத வயிற்றோடு, முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு. நான் பசையைத் தடவி ஒட்டிவிட்டேன்.

ஆகவே தங்கள் முழங்கால் எப்படிப் பிசகியது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெற்ற பிள்ளை ஒன்று கேட்டால் மறுக்க மனசு வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் வயதில் பெரியவர் தாங்கள் அவருக்குப் புத்தி சொல்ல வேண்டாமா? ஒரு ஆசைக்கும் கொள்ளளவு இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல வேண்டாமா? பரணைத் திறந்துவிட்டு ஏணியும் பிடித்தால் குடும்பம் எப்படி உருப்படும்? இனிமேல் இந்த வீட்டிலிருந்து எந்தப் பார்சல் வந்தாலும் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். இது என் தாழ்மையான வேண்டுகோள், கொஞ்சம் கண்டிப்பான வேண்டுகோளும்கூட.

மற்றபடி சின்ன அறை இப்போது பளிச்சென்று இருக்கிறது. குழந்தைக் கட்டிலை நானும் மாப்பிள்ளையும் பூட்டி, குலுக்கிப் பார்த்து, அதற்கும் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டோம். மகள் எங்கேயும் போகவில்லை. மாப்பிள்ளை தனக்கென்று முதல் பழுப்பை வைத்துக்கொண்டார். கோடில்லாதது ஒன்றுதான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் அதுவும் போய்விடும். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்கள். சம்பந்தி அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். பிறக்கப் போகிறவரை வந்து பார்த்து, கையில் ஏந்தி, வாயார வாழ்த்த வேண்டும். வரும்போது கையில் எதையும் கொண்டுவர வேண்டாம், குறிப்பாக நீளமான எதையும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு கிழித்துத் திறந்து இதை எழுதுகிறேன். மகளுக்கு ஒரு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. இன்று மத்தியானம் சோபாவில் புரண்டு புரண்டு படுத்திருந்தாள். நான் கோடில்லாததைக் கடைசியாக ஒரு தடவை பரிசோதிக்கலாம் என்று அடிக் கம்பியை மெதுவாக, ஒரே மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தூங்கிவிட்டாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சின்ன வயதில் அவளை வேலைக்குக் கூட்டிப் போவேன், மோட்டார் அறையில் என் ஆயுதப் பெட்டி மேல் தலையை வைத்து இப்படித்தான் தூங்குவாள். இரண்டு மணி நேரம் நான் கையை நிறுத்தவில்லை. விரலில் கொப்புளம் வந்துவிட்டது. எழுந்தவள் என் விரலைப் பார்த்துவிட்டு, "இது போக வேண்டாம்ப்பா. ரூம்ல இடமில்ல, உங்க கட்டிலுக்கு அடியில வச்சுக்குங்க" என்றாள். அப்படியே கிட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மகள் சொன்னதற்காகப் பாதி. மிச்சப் பாதி, என் கட்டிலுக்கு அடியில் இடம் இல்லை என்பதற்காக. பஸ் டிரைவர் தோளில் மாட்டிக்கொண்டு வந்த கிட்டார் அங்கேதான் இருக்கிறது. வெறுங்கையோடு அனுப்பினேன் என்று மேலே எழுதியது சத்தியம், அவர் கையில் இருந்ததை நான் விலைக்கு வாங்கிக்கொண்டேன். அதை இப்போதே கட்டி, தபாலாபீசில் சேர்த்துவிட்டு வந்தேன். நாளை மறுநாள் தங்கள் கைக்கு வரும். தயவுசெய்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பரணில் ஏற வேண்டாம், கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும், கம்பியை மட்டும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். இதுதான் கடைசி, சம்பந்தி.