குழாய்க்குப் பொட்டு வைத்த கதை

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், நாளைக்கு நமக்கு ஒன்று என்றாலும் அங்கேதான் போய் நிற்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஜப்பானிலிருந்து ஒரு குழாய் வந்தது. கருப்பாக, நீளமாக, முனையில் விளக்கும் கண்ணாடியும் வைத்தது. ஆசனவாய் வழியாக உள்ளே விட்டால் பெருங்குடலை நேரிலேயே பார்த்துவிடலாம்.

முதன்முதலாகப் பார்க்கப்பட வேண்டிய குடல் எடப்பாடி சின்னுசாமியுடையது. சொந்தமாகத் தறி ஓட்டுகிறவர். வெளிக்குப் போனால் ரத்தம் போனது. மூலம் என்று சொல்லி ஊரே ஆளுக்கொரு வேரை அரைத்துக் கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை, மனுஷன்தான் பாதியாகிவிட்டார்.

"கட்டியா இருக்குமோன்னு சந்தேகமுங்க. இப்பவே பாத்துட்டா அறுத்து எடுத்துப் பொழைக்க வெச்சுரலாம்" என்றார் சின்ன டாக்டர் சரவணமுத்து. முந்தின நாள் கஞ்சித் தண்ணியும் இளநீரும் மட்டும். சாயங்காலம் விளக்கெண்ணெய். காலையில் எனிமா. "எடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்கால மடக்கிப் படுத்துக்கோணும். உள்ள காத்து உடுவோம், வயிறு உப்புசமா இருக்கும்."

"வலிக்குமுங்களா?"

"வலி கம்மி. வெக்கந்தான் சாஸ்தி."

"வெக்கம் போனாப் போவுது. ஆளு இருந்தாப் போதுமுங்க" என்றாள் சின்னுசாமியின் மனைவி வசந்தாமணி.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. காலியான வயிற்றோடு சின்னுசாமி வந்து படுத்தார். குழாயைக் காணோம். அது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அர்த்தநாரியின் அறையில், வாழையிலை மேல் இருந்தது.

"புது மிஷினுங்க. பூஜை போடாம எப்படி?" என்றார் அர்த்தநாரி.

இதற்கு மறுப்புச் சொல்ல நம் ஜில்லாவில் ஆள் கிடையாது. லாரி, போர் போடுகிற ரிக்கு வண்டி, தறி எது வந்தாலும் முதலில் பொட்டு, பிறகுதான் ஓட்டம். படுத்திருந்த சின்னுசாமியே, "அதுவும் வாஸ்தவந்தானுங்க" என்றார். தேங்காய் உடைத்தார்கள். குழாயின் முனைக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, முழம் மல்லிகையும் சுற்றினார்கள்.

டாக்டர் குழாய் முனையின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அர்த்தநாரி தடுத்தார்.

"சாமி கும்பிட்ட சாமானுங்க இது. இத எங்க உடப் போறீங்கன்னு யோசிச்சீங்களா?"

"அங்க உடறதுக்குத்தானுங்க வாங்குனது."

"வாங்கறப்போ அது கொழாய். இப்ப அப்படி இல்லீங்களே."

விஷயம் மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் நன்கு பரிசீலித்து, 'பூஜிக்கப்பட்ட அரசு உடைமையினைப் பூஜிக்கப்பட்ட நிலையிலேயே பாதுகாக்கவும். பயன்பாட்டுக்கு வேறொன்று கோரவும்' என்று உத்தரவிட்டது. குழாய் கண்ணாடி அலமாரிக்குப் போனது. வெள்ளிக்கிழமை தோறும் சூடம். குமாரபாளையம் பெரிய வீட்டுக்காரர்கள் காரில் வந்து கும்பிட்டுப் போனார்கள். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள்கூட, "நாங்க கொழாயப் பாத்துட்டு வந்துட்டோமுங்க" என்று கல்யாணப் பந்தியில் சொல்லிக்கொள்வது நாகரிகமாயிற்று.

வசந்தாமணி மட்டும் மாசாமாசம் வந்து, "கும்பிட்டது போதுமுங்க. எப்ப உள்ள உட்டுப் பாப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு உலகம் தெரியவில்லை என்றார்கள்.

அடுத்த வருஷம் இரண்டாவது குழாய் வந்தது. டாக்டர் சரவணமுத்து இந்த முறை யாருக்கும் மூச்சு விடவில்லை. தாமே பெட்டியைப் பிரித்து, கழுவி, நேரே பரிசோதனை அறைக்குக் கொண்டுபோய்விட்டு சின்னுசாமிக்கு ஆள் அனுப்பினார். மறுபடி கஞ்சித் தண்ணி, விளக்கெண்ணெய், எனிமா. சின்னுசாமி எலும்பும் தோலுமாக ஒருக்களித்துப் படுத்தார். படுத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டரு, இதுக்குப் பூஜை போட்டாச்சுங்களா?"

"இல்லீங்க. போட்டா உட முடியாதுங்களே."

சின்னுசாமி முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"தறிக்குப் புது நாடா போட்டாக்கூட ஒரு பொட்டு வெச்சுத்தானுங்க ஓட்டுவேன். வெறுங்கொழாய மனுசனுக்குள்ள உடறதா? நல்லாருக்குதுங்களா இது?"

எழுந்து வேட்டியைக் கட்டினார். வசந்தாமணி கையைப் பிடித்துக்கொண்டாள். "படுங்க. எனக்காவப் படுங்க." அழுகையாக வந்தது அவளுக்கு. அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார். டாக்டரைப் பார்க்க வரிசையில் இருந்தவர்கள் என்ன ஏது என்று விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும், பெரியவர் சொல்வது நியாயந்தானே என்று அத்தனை பேரும் எழுந்து, அலமாரியைக் கும்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மாசியில் சின்னுசாமி இறந்துபோனார். சாவுக்கு வந்த நாங்கள் பந்தலில் உட்கார்ந்து தீர விசாரித்ததில், தப்பு சின்ன டாக்டருடையது என்று தெரியவந்தது. கைராசி இல்லாத ஆள். மாற்றச் சொல்லி மனு எழுதினோம். ஊரே கையெழுத்துப் போட்டது. வசந்தாமணி மாட்டேன் என்றுவிட்டாள். துக்கத்தில் இருக்கிறாள், பாவம் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு நாம் எழுதிய எத்தனையோ மனுக்களில், உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டது அது ஒன்றுதான்.