தவறான விடை யாருக்கு?

"தப்பை நான் சொல்ல மாட்டேன் டீச்சர். எங்கம்மா தோலை உரிச்சிடும்," என்று வீராயி கைகளைக் கட்டிக்கொண்டாள்.

சுந்தராம்பாள் டீச்சர் கண்ணை மூடி ஆலந்துறையாரை வேண்டினாள்.

மறுநாள் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாகாது; பார்த்து, ஐயுற்று, ஆய்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. அது நிறைவேறினால்தான் டீச்சரின் தற்காலிக வேலை நிரந்தரமாகும். ஆகவே, அரியலூர் ஓடைக்கரையில் கிடைத்த, கல்லாய்ச் சமைந்த சிப்பி ஒன்றை வைத்து, பிள்ளைகள் சிந்திக்க வேண்டியதையெல்லாம் தானே சிந்தித்து, மனப்பாடம் செய்வித்துவிட்டாள். ஒருத்தி, "ராமேசுவரம் போன யாரோ கொண்டாந்து போட்டது" என்று தவறாகச் சொல்வாள். செங்கமலம் அதை மறுப்பாள். மற்றொருத்தி உண்மை காண்பாள்.

"தப்பு சொல்றவளுக்கு முன் பெஞ்சு," என்றாள் டீச்சர்.

இருபது பேரும் எழுந்துவிட்டார்கள். மாலைக்குள் வகுப்பு முழுவதும் அந்தத் தவற்றைப் பதிகம்போலப் பண்ணோடு ஓதியது. அஞ்சிய டீச்சர், அது காதில் விழுந்த கணமே எல்லாரும் "தப்பு" என்று சொல்லுமாறு பழக்கினாள். அதன்பின் அதைச் சொல்ல ஒருத்தியும் துணியவில்லை. கடைசியில், முன் பெஞ்சுக்கு ஆசைப்பட்டு வீராயியே இசைந்தாள்.

மறுநாள், டவாலிச் சேவகன் அரியமுத்து பின்தொடர, இன்ஸ்பெக்டர் பஞ்சநாதன் எழுந்தருளினார். சிப்பியைக் கையில் ஏந்தினார்.

"கடல் எங்கயோ இருக்கு. இது இங்க எப்படி வந்துச்சு?"

வீராயி எழுந்தாள். அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"முன்னொரு காலத்துல இங்கயே கடல் இருந்துச்சுங்க."

நாடகம் முதற்காட்சியிலேயே மங்களம் பாடிவிட்டது.

இன்ஸ்பெக்டர் முறுவலித்தார். "கடலாவது, அரியலூராவது. ராமேசுவரம் போன யாரோ கொண்டாந்து போட்டது."

"தப்பு," என்றன இருபது வாய்கள்.

செங்கமலம் தன் பங்கைப் பொழிந்தாள். "கெணறு வெட்டுனா இருபது அடிக்குக் கீழயும் கெடக்குதுங்களே. அவரு கெணறு வெட்டிப் போட்டு மூடிட்டா போனாரு? கொஞ்சம் யோசிக்க வேணாமுங்களா?"

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்தது. நோட்டில் நெடுநேரம் எழுதினார். நோட்டை மூடிக்கொண்டு வெளியேறினார்.

"பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்," என்று டீச்சர் முணுமுணுத்தாள்.

அரியமுத்து நோட்டும் பென்சிலுமாகத் திரும்பி வந்தான்.

"உங்க வேலை நிரந்தரமுன்னு எழுதிட்டாரும்மா. ஆனா, கெணத்துக்கு அப்புறம் அந்தப் பாப்பா சொன்னது விட்டுப்போச்சாம். மெதுவா இன்னொரு தரம் சொல்லச் சொல்லுங்க."

"எதுக்குப்பா?"

"ஏழு ஸ்கூல்ல இதையே கேட்டாரு, அவரு சொன்னதே சரின்னு எல்லா டீச்சரும் தலையாட்டிட்டாங்க. புதன்கிழமை ஐயாவுக்கு இதுலதாங்க பிரமோஷன் பரீட்சை, மனப்பாடம் பண்ணணுமாம்."