பனியன் மறைத்த படலம்

மாரிக்கு அஞ்சா மாதரசி வாழ்க! முகில் வந்து முற்றம் துழாவும் ஹட்டன் மாநகரில், கணித ஆசிரியர் கஜேந்திரன் மாஸ்டரின் கரம்பற்றி, ஈரத்துணியோடு இல்லறம் முழுவதும் பொருது நிற்கும் நாகலெட்சுமி வாழ்க! வாளேந்திய வேந்தரைப் பாடிச் சலித்த நாவுகளே, துணிக்கிளிப் ஏந்திய இவளையும் சற்றுப் பாடுங்கள்.

பகை கெமரா வடிவில் வந்தது. நடுத்தரக் குடும்பமொன்றின் அன்றாட வாழ்வை உள்ளது உள்ளபடி படமாக்கப் புறப்பட்ட இயக்குநர் நிரஞ்சன், ஊரெல்லாம் வீடு தேடி அலுத்து, இவள் வாசலில் வந்து குடையை மடக்கியபோது, ஆனி மழைக்காக முன்னறையின் குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிற்றையும், அதில் ஊசலாடிய உள்பாவாடையையும், மகளின் பள்ளிச் சட்டையையும், அவற்றின் நடுநாயகமாய், பொத்தல் பல பெற்றுப் பொலிந்த மாஸ்டரின் பனியனையும் கண்டு மெய்மறந்து நின்றான்.

"அக்கா, இதுதாங்க வாழ்க்கை. நாளைக்கு வர்றோம். ஒண்ணையும் மாத்திடாதீங்க" என்று ஆணையிட்டு அகன்றான்.

மாற்றாதிருக்கலாமா? படம் ஹட்டனிலேயே ஓடும். வலப்பனையிலிருந்து நாத்தனார் ஜீவராணி முதல் ஆளாய் வந்து உட்காருவாள். தன் அண்ணனின் பொத்தல் பனியனைத் திரையில் ஆளுயரத்துக்குக் கண்டபின் அவள் வாய் ஆயுளுக்கும் மூடாது. ஆகவே பொழுது புலருமுன் எழுந்த வீராங்கனை, காயாத சேனை முழுவதையும் சுருட்டிப் பொலித்தீன் பையில் திணித்து, கட்டிலடியில் சிறைவைத்து, கயிற்றையும் அவிழ்த்தெறிந்து, செட்டி சோபாவுக்குப் புதுவிரிப்பு போர்த்திப் போருக்குக் காத்திருந்தாள்.

வந்து பார்த்த இயக்குநர் இடிந்துபோனான். கயிறில்லாமல் காட்சியே இல்லையென்று கும்பிட்டான். கெமராக்காரர் கெஞ்சினார். மாஸ்டரோ, எதிரணிக்குத் தாவி, "அது நான் போடுற பனியன்தானே லெச்சுமி. களவாண்டதா என்ன?" என்று துரோகம் மொழிந்தார். முற்றுகை மதியம் கடந்தும் நீண்டது. பகைவருக்கு இடையிடையே பிளேன்டீயும் பிஸ்கட்டும் வழங்கி அவள் அறப்போர் புரிந்தாள்.

இறுதியில் எழுந்து முழங்கினாள்: "கயிறுதானே வேணும் தம்பி? கட்டுறேன். ஆனா அதுல என்னா தொங்கணும்னு நான்தான் சொல்லுவேன்."

அலுமாரி திறந்தது. முகூர்த்தப்பட்டு முன்செல்ல, தீபாவளிப்பட்டு பின்தொடர, தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த மயில்கழுத்துப்பட்டு பக்கங்காக்க, அந்துருண்டை மணம் எண்டிசையும் கமழக் கயிறேறின பட்டுச் சேனைகள்.

"பட்டுப்புடவைய யாருங்க அக்கா வீட்டுக்குள்ள காயப்போடுவாங்க?" என்று ஈனக்குரலில் வினவினான் நிரஞ்சன்.

"நாங்க போடுவோம்."

வெளிச்சமோ மங்கிக்கொண்டிருந்தது, வேறு வீடு தேட நேரமில்லை. பட்டுக்குக் கீழே மாஸ்டரை உட்காரவைத்துப் படமெடுத்துக்கொண்டு, தோற்ற படை வேனேறிப் போயிற்று.

வென்றாள் நாகலெட்சுமி! நாத்தனார் நாவடங்க, குலமானம் நிலைபெற, வானோர் தூவிய மலர்மாரி தகரக்கூரையில் மழையாகவே கொட்ட, வாகைசூடிய வெற்றித் திருமகள், சிறைப்பட்ட சேனைக்கு விடுதலை வழங்கத் திருவுளம் கொண்டு, கட்டிலடியில் குனிந்து பையின் முடிச்சை அவிழ்த்தாள்.

துணியெல்லாம் நாறிப்போயிருந்ததால் மறுபடியும் துவைக்கப் போட்டாள்.