ரங்கூனில் வாப்பா வைத்திருந்தது

ஒரு வேலையைப் பாதி தெரிந்தவன் 'முழுக்கத் தெரியும்' என்று சொல்லிவிட்டால், மீதிப் பாதியைப் பலர் முன்னிலையில்தான் கற்றுக்கொள்ள நேரும். நான் அதைக் கிழக்கிலங்கைக் கடற்கரையில், கல்முனையில், ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பழைய கடிதங்களைத் தூசி தட்டி, நடுவே வெள்ளைத்தாள் வைத்து அடுக்குவேன். ஒருநாள் பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீர் நிந்தவூர்தானே? அரபுத் தமிழ் வாசிப்பீரோ?"

"ஓம் சேர், நல்லா வாசிப்பன்."

(அந்த 'நல்லா' தேவையே இல்லை. வேலை நிரந்தரமாகும் என்ற நப்பாசையில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.)

அரபு எழுத்தில் எழுதும் தமிழ்தான் அரபுத் தமிழ். குர்ஆன் கற்றுத்தரும் ஓதப்பள்ளியில் எழுத்துகளைப் படித்திருந்தேன். உயிர்க்குறிகள் போட்டு அச்சடித்திருந்தால் தடுமாறாமல் வாசிப்பேன். குறிகள் இல்லாத அவசரக் கையெழுத்து என்றால் ஊகிப்பேன். ஊகிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம்.

கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த இஸ்மாயில் காக்காவின் (காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்) வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அவருடைய உம்மப்பா, அதாவது உம்மாவின் வாப்பாவான பாட்டனார், ரங்கூனில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போனபோது நனைந்தவை. காய்ந்த பிறகு பூச்சிக்குத் தீனியானவை. மிஞ்சியவற்றையாவது காப்பாற்றலாம் என்று பேராசிரியர் கேட்டு எழுதியிருந்தார். கடிதங்களில் என்ன இருக்கிறதென்று தங்களுக்கு வாசித்துக் காட்டினால் தருவதாக இஸ்மாயில் காக்கா பதில் போட்டார். அந்த வீட்டில் அந்த எழுத்தை வாசிக்க அப்போது யாருமில்லை.

பேராசிரியரும் நானும் போனோம். சொந்தக்காரர், அயலவர் என்று முன் அறையில் கால் வைக்க இடமில்லை. எங்களுக்கு வட்டிலப்ப இனிப்பும் தேநீரும் வந்தன. காக்காவின் உம்மா சபியா உம்மா, புரை விழுந்த கண்களோடு நடுவில் கதிரையில் இருந்தார்.

"என்ட வாப்பா லேசுப்பட்ட ஆளில்ல, சேர்," என்றார். "ஊரில என்ட உம்மா, தொட்டில்ல நான். அவரு எத்தினையோ வருசம் ரங்கூன்ல தனிய இரிந்தாரு. வேற ஒரு பொம்பிளையட முகத்த ஏறெடுத்துப் பாக்கல்ல."

(இந்த ஒரு கதையை வைத்தே அவர் தன் மருமகன்மாரை எல்லாம் அடக்கி வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.)

மேலே இருந்த கடிதத்தை எடுத்தேன். சலாமும் சுகவிசாரிப்பும் வழுக்கிக்கொண்டு போயின. சபியா உம்மா தலையாட்டிக் கேட்டார். எனக்கு வானொலிச் செய்தியாளரின் குரல் வந்துவிட்டது. அடுத்த வரியில் பூச்சி தின்ற சின்ன ஓட்டை. ஊகித்தேன்.

"'இங்கே கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகையால் சொந்தமாக ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன்.'"

புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் வந்த வேகத்தில் அடுத்ததையும் வாசித்தேன்.

"'நிறம் கறுப்பு. வயிறு பெரிது.'"

"வயிறு பெரிசா?" என்றார் மூலையிலிருந்த ஒருவர். "அப்ப அங்க புள்ளயும் இரிக்கி."

"அதுகள் வந்து வயல்ல பங்கு கேட்டா என்ன செய்ற?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இஸ்மாயில் காக்கா எழுந்து கடிதத்தை வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினார். "குறை நினையாதீங்க சேர். இத வெளியில குடுக்கேலா. எரிக்கிறதுதான் நல்லம்."

பேராசிரியர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை போய்க்கொண்டிருந்தது. ஆனால் அதைவிட என்னால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. சபியா உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எழுபது வருடமாக அவரிடம் இருந்த வாப்பாவை ஒரு வரியில் பறித்துவிட்டேன்.

"பெட்டியத் திற," என்றது முக்காட்டுக்குள்ளிருந்து குரல்.

"வேணாம், உம்மா."

"திற எண்டன். என்ட உம்மாவும் இதக் கேட்டிருப்பா. கேட்டும் எனக்கொரு சொல் சொல்லல்ல. நானும் கேப்பன். வாசி, மகன். மறுகா என்ன எழுதியிரிக்காரு?"

கடிதத்தைத் திரும்ப எடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்தேன்.

"'பலர் பார்க்கத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன்.'"

யாரோ "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்.

"'சோறு ஆக்கியபின் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பேன்.'"

கதவுக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவியின் குரல் மெல்ல வந்தது. "மாமி, அது பானை."

தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். 'பா'வின் நெடிலுக்காகப் போட்ட நெட்டைக் கோடு நின்ற இடத்தில்தான் அந்த ஓட்டை. அந்தக் கோடு போனால், குறிகள் இல்லாத கையெழுத்தில் 'பானை'யும் 'பெண்ணை'யும் ஒன்றுதான். பானையைத்தான் நான் பெண்ணாக்கியிருந்தேன்.

சபியா உம்மாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். முக்காட்டை விலக்கினார். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "கவுத்து வெச்சாராம்," என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. பிறகு வீடே சிரித்தது. பேராசிரியர் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

கடிதங்கள் முழுவதையும் தந்தார்கள். புறப்படும்போது சபியா உம்மா பேராசிரியரை நிறுத்தினார்.

"சேர், இந்தப் புள்ளய வேலையால நிப்பாட்டிப் போடாதீங்க. என்ட வாப்பாவப் பறிச்சதும் இவன்தான், திருப்பித் தந்ததும் இவன்தான்."

பேராசிரியர் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு நிரந்தரமாக்கினார். நானும் அரபுத் தமிழை ஒழுங்காகப் படித்தேன். இன்றைக்கும் ஒரு கடிதத்தை மனதுக்குள் கடைசிவரை வாசிக்காமல் வாய்திறந்து வாசிப்பதில்லை. நான் சாப்பிட்ட சோற்றில் பாதி அந்த அம்மா போட்டது.

இருபது வருடத்துக்குமேல் கழித்து, சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்த டிசம்பரில் அந்த வீடு அத்திவாரத்தோடு போனது. சபியா உம்மா அதற்குப் பல வருடம் முன்பே மௌத்தாகியிருந்தார். சில மாதம் கழித்து இஸ்மாயில் காக்கா பேத்தியையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி மலைக்கு வந்தார். கடிதங்களை மேசையில் வைத்தேன். நெடுநேரம் அவற்றின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கட வீட்டில மிஞ்சினது இவ்வளவுதான் தம்பி. அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

நன்றி சொல்ல வேண்டியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பேத்தியின் பக்கம் திரும்பிவிட்டார். "என்ட உம்மப்பாவுக்கு ரங்கூன்ல கலியாணம் முடிச்சு வெச்ச மனிசன் இவர்தான்."

அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "நீங்கதானா அது? எங்கட வீட்டில சோத்துப் பானைக்குப் பேரே 'ரங்கூன் மாமி'தான்."