காயக் கூடாத தீவனம்

இந்தச் சங்கதியை எனக்கு முதலில் சொன்னவள் பட்டு நூல் முறுக்குகிற சசிகலா. பங்குனி உத்திரத்தன்று கோயில் வாசலில் இரண்டு பேரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சொன்னாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்த வாய் பொய் பேசாது என்று நம்பி, அப்படியே எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற ரோட்டோரம் ஆதிலட்சுமிக்கும் அவள் வீட்டுக்காரர் துரைக்கும் அரை ஏக்கர் நிலமும் ஒரு கறவை மாடும் உண்டு. போன கோடையில் புல் கிடைக்காமல் மாடு எலும்பும் தோலுமாகி மடி வற்றியதை ஆதிலட்சுமி இன்னும் மறக்கவில்லை. அதனால் இந்த வருஷம் குதிரை மசால் விதைக்கலாம் என்றாள். மாடு விரும்பித் தின்கிற தழை. அறுத்தால் அடிக்கட்டையிலிருந்து திரும்பவும் துளிர்க்கும். அறுத்ததைக் காய வைத்துக் கட்டி அடுக்கிவிட்டால் சித்திரை, வைகாசி ஓடிவிடும். இவ்வளவுதான் அவள் திட்டம்.

அரசாங்கத்திடமும் ஒரு திட்டம் இருந்தது. அதன் பெயர் ‘என்றும் பசுந்தீவனம்’. விதை இலவசம் என்றதும் துரை கையெழுத்துப் போட்டுவிட்டார். விதைப்பதற்கு முன்னால் அதிகாரிகள் வந்து ‘முன்மாதிரித் திடல்’ என்று ஒரு பலகை நட்டார்கள். பலகை நன்றாக வேர் பிடித்தது.

தெய்வ புண்ணியத்தில் மசாலும் நன்றாகவே வந்தது. தை பிறந்ததும் அறுத்து, நிலத்திலேயே பரப்பிக் காய விட்டாள் ஆதிலட்சுமி. மறுநாள் கட்டலாம் என்றிருந்த நேரத்தில் உதவி அலுவலர் சுதாகர் பைக்கில் வந்து இறங்கினார். கைபேசியில் வயலைப் படம் எடுத்தார். கைபேசி சிவப்பு விளக்குக் காட்டியது.

“இன்னாம்மா இது? பயிர் மொத்தமும் கருகிக் கெடக்குது.”

“கருகல சார். அறுத்துக் காய வெச்சிருக்கோம்.”

“யாரக் கேட்டு காய வெச்சீங்க?”

“வெய்யிலக் கேட்டுதான் சார்.”

“தோ பாரும்மா, திட்டத்தோட பேரே பசுந்தீவனம். காஞ்சா அது பாதிப்புன்னுதான் பதிவாவும்.”

“மாடு காஞ்சதையும் திங்குமே சார்.”

“திங்கறது வேற துறைம்மா. நாங்க வளக்கறதோட சரி.”

இரண்டே நாளில் மேலிடத்து உத்தரவு வந்தது: ‘மேற்படி திடலில் நிறமிழந்துள்ள பயிருக்குப் பசுமை மீளும் வரை தொடர்ந்து நீர் பாய்ச்சப்பட வேண்டும். பயிரை இடம் மாற்றுதல் கூடாது.’

துரை மோட்டாரைப் போட்டார். வெட்டிக் காய்ந்த தழையின் மேல் தண்ணீர் ஓடியது. ஆதிலட்சுமி வரப்பில் உட்கார்ந்து, கோடைக்கென்று வைத்த தீனி ஊறி, நாறி, புழு வைப்பதைப் பார்த்துகினு இருந்தாள். மாடும் பார்த்தது.

ஆனால் அடிக்கட்டைக்கு உத்தரவெல்லாம் தெரியாது. தண்ணீர் கண்டதும் அது பாட்டுக்குத் துளிர்த்து, அழுகல் தழைக்கு மேலே பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. சுதாகர் திரும்பவும் படம் எடுத்தார். கைபேசி பச்சை விளக்குக் காட்டியது. ‘வெட்டி உலர்ந்த பயிர், துறையின் உரிய காலத் தலையீட்டால் உயிர் பெற்றது’ என்று அறிக்கை போனது.

ஆதிலட்சுமி அவரைத் தனியாகப் பிடித்தாள். “சார், அது கட்டைலேந்து துளிர்த்தது. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்மா. அதுக்குதான் படிச்சேன். ஆனா அறிக்கை மேல போயிடுச்சி. மேல போனது கீழ எறங்காது.”

அதோடு விட்டார்களா? அந்த அதிசயத்தைப் பார்க்க போளூரிலிருந்து ஒரு பஸ், வெம்பாக்கத்திலிருந்து ஒரு பஸ் என்று விவசாயிகளைக் கூட்டி வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் துரை மசாலை அறுப்பார், காய வைப்பார், எல்லோரும் பார்க்கத் தண்ணீர் விடுவார். அடுத்த கூட்டம் வருவதற்குள் பச்சையாகிவிடும். போளூர்க்காரர் ஒருவர் மட்டும், “எங்க ஊர்லயும் அறுத்தா துளிர்க்கும்ங்க” என்றார். அவருக்குச் சாப்பாட்டு டோக்கன் கிடைக்கவில்லை.

துரைக்கு மேடை பழகிவிட்டது. மைக்கைப் பிடித்து, “காய்ந்ததைக் கைவிடாதீர்” என்று பேச ஆரம்பித்தார். பேசப் பேச அவருக்கே அது உண்மையாகிவிட்டது.

“இந்தத் தபா ஒரு கட்டாவது வீட்டுக்கு எடுத்துக்கறேங்க. மாட்டுக்கு மடி சுருங்கிகினே வருது” என்று கேட்டாள் ஆதிலட்சுமி.

“காஞ்சத நம்ம வூட்லயே ஒளிச்சி வெச்சா, எனக்கே நம்பிக்க இல்லன்னு ஆவாதா? நாளைக்கி நான் எந்த மூஞ்சியோட மைக் புடிக்கறது?”

“மாடு எந்த வாயோட நிக்கறது?”

“கொஞ்சம் பொறு. எல்லாம் பச்சையாவும்.”

பொறுக்காமல் அவள் பக்கத்து நிலத்துப் பொன்னம்மாள் வீட்டில் கேட்டு, தலைச்சுமையாக வைக்கோல் கொண்டு வந்து மாட்டுக் கொட்டாயில் போட்டாள். சாயங்காலம் பால் கறக்கப் போனால், துரை குடத்தோடு நின்று அந்த வைக்கோலுக்குத் தண்ணீர் ஊற்றிகினு இருந்தார். முகத்தில் அப்படி ஒரு பக்தி. அவள் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்குக் கறக்கவும் ஒன்றும் இல்லை.

நம் ஆரணி சும்மா இருக்குமா? பட்டுக்கடை வேணுகோபால் ‘மறுதுளிர்ப் பட்டு’ என்று ஒரு ரகம் இறக்கினார். உடம்பு வைக்கோல் நிறம், முந்தானை மசால் பச்சை. கல்யாண வீடு ஒன்று பாக்கியில்லாமல் எடுத்தார்கள். எங்கள் தெருவில் பட்டுப்போன முருங்கைக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள்.

நானும் என் மகள் சொன்னாளே என்று அந்தப் புடவையில் ஒன்று எடுத்தேன். சித்திரை முதல் தேதி அதைக் கட்டிகினு கோயிலுக்குப் போனபோது ஆதிலட்சுமி வந்திருந்தாள். கிட்ட வந்து முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“நல்ல பச்சைக்கா. மாடு திங்குமா இத?” என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் நனையாத வைக்கோல் இருந்தால், இரண்டு கட்டு சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள். துரை கண்ணில் படாமல், ஆதிலட்சுமி கையிலேயே கொடுக்கச் சொல்லுங்கள்.